திருநெல்வேலிக்குக் கட்டிய சைக்கிள்

பிளஸ் ஒன் சேர்ந்தால் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்த வருடங்களில் வளர்ந்தவர்கள் நாம். இன்றைக்கு மாடி ஏறினால் முட்டி சத்தம் போடுகிறது, வகிட்டில் நரை தெரிகிறது. ஆனாலும் அந்தச் சைக்கிளின் செயின் கார்டு எந்த இடத்தில் உரசும், எந்தக் குழியில் ஏறி இறங்கினால் கூடை கழன்றுகொள்ளும் என்று கேட்டால் உங்களில் யாரும் யோசிக்காமலே சொல்லிவிடுவீர்கள். எங்கள் வீட்டுச் சைக்கிள் என்னுடையதல்ல, அக்காவுடையது. எனக்கு அப்போது பதினொரு வயது. அதைப் பொட்டலமாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றிய அந்த ஆவணி மாதத்தில் நான் செய்ததை வெகு சிலரிடம்தான் சொல்லியிருக்கிறேன். சொன்னவர்களில் பெரும்பாலோர் நம்பவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிடும். அப்பாவுக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் இருந்தது. அக்கா மிதிப்பாள், நான் கேரியரில் உட்கார்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். கம்பி ஏற்றிய லாரி முன்னால் போகும்போது வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனிகளில் சிவப்புத் துணி ஆடும். அக்கா பிரேக்கைப் பிடித்துக்கொண்டே, "கண்ண மூடிக்கோ, தூசி வருது" என்பாள். நான் அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொள்வேன். அந்த முதுகின் வியர்வை வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்ததுதான் எனக்குக் காலை நேரம்.

அக்கா பிளஸ் டூ முடித்ததும் திருநெல்வேலியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. விடுதியிலிருந்து பயிற்சி ஆஸ்பத்திரி ஐந்து கிலோமீட்டர். காலை டியூட்டி ஆறு மணிக்கு. அந்நேரத்துக்கு டவுன் பஸ் இல்லை, சைக்கிள் இருந்தால் கொண்டுவரலாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்ப மனமில்லை. அனுப்பியே ஆகவேண்டும் என்று அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தபிறகு, அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

"சைக்கிள் ஒழுங்கா போய்ச் சேந்து, இவ அதுல ஏறி ஓட்டறத என் கண்ணால பாத்தா வுட்டுட்டு வரேன். இல்லன்னா கையோட இட்டுனு வந்துருவேன்."

மற்றவர்கள் இதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். நான் அதை அப்படியே வைத்துக்கொண்டேன். சைக்கிள் போய்ச் சேராவிட்டால் அக்கா வந்துவிடுவாள்.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் தம்பி. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து சிப்காட்டில் ஒரு வார்ப்பு ஆலையின் பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். கப்பலில் போகும் வார்ப்புகளைப் பலகையில் வைத்து, ஃபோம் சுற்றி, பட்டை போட்டு இறுக்குவது அவர் வேலை. அக்கா வயசுக்கு வந்த நாளிலிருந்து, அவள் மாமாவுக்குத்தான் என்று உறவில் பேச்சு. அப்பாவுக்கு அது பிடிக்காது. மாமா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அக்காவுக்கு இடம் கிடைத்த செய்தி வந்தபோது, "படிக்கட்டும், நல்லா படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். சைக்கிளைத் தானே கட்டித் தருவதாகவும் சொன்னார். அப்பா அம்மாவிடம் தனியாக, "இவனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அக்கறை?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்புவதாக ஏற்பாடு. மாமா காலை ஷிப்ட் பாதியில் அனுமதி வாங்கிக்கொண்டு வருவதற்குள் அப்பா தானே வேலையைத் தொடங்கிவிட்டார். வலது பெடல் சுலபமாகக் கழன்று வந்தது. இடது பெடலில் ஸ்பானரைப் போட்டு அதே மாதிரி திருப்பினார். அசையவில்லை. ஸ்பானரின் மேல் ஏறி நின்றார். கடைசியில் ஸ்பானர் பிடிக்கும் விளிம்புகள் மழுங்கி, அது வழுக்கி, அவர் கை சுவரில் இடித்து ரத்தம் வந்தது.

மாமா வந்து குனிந்து பார்த்தார். "இடது பெடலு எல்லாத்துக்கும் எதிர்ப்பக்கம் திரும்பும். நீங்க கழட்டல, இறுக்கிட்டிங்க" என்றார்.

அப்பா ஸ்பானரைக் கீழே போட்டார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

பெடல் வராது என்று தெரிந்ததும் மாமா அது மாட்டியிருந்த இரும்புக் கையை, கிராங்க்கையே, கழற்றினார். கிராங்க்கை அச்சில் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு பின். சைக்கிள் கடையில் காட்டர் பின் என்பார்கள். சுண்டுவிரல் பாதி நீளம், ஒரு பக்கம் சரிவாகத் தேய்த்திருக்கும். மரக்கட்டையை அண்டக் கொடுத்து, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். பின் வெளியே வந்து தரையில் உருண்டது. அதை எடுத்து, நட்டையும் வாஷரையும் சேர்த்து ஒரு கறுப்பு ஃபிலிம் டப்பாவில் போட்டார். கேமராவுக்கு ஃபிலிம் சுருள் வருமே, அந்த டப்பா. இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. மூடியை அழுத்தி எங்கள் எல்லோர் முன்பும் ஆட்டிக் காட்டினார்.

"பாத்துக்கோங்க. இது இல்லன்னா வண்டி இல்ல."

அதன்பிறகு அவர் வேலை செய்வதை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டயர்களில் பாதிக் காற்றை விட்டார். முன்சக்கரத்தைக் கழற்றியதும், வெறுமையாக நின்ற ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவில் அளவாக அறுத்த மரத்துண்டைச் செருகிக் கட்டினார். மேலே மூட்டை விழுந்தாலும் கால்கள் ஒடுங்காது. சீட்டைக் கடைசிவரை இறக்கினார். ஹேண்டில்பாரைத் திருப்பி சட்டத்துக்கு இணையாகப் படுக்கவைத்தார். செயினை நாளிதழில் சுற்றினார். ஆலையில் மிச்சமான ஃபோம் ஷீட்டைப் பட்டைபட்டையாகக் கிழித்து ஒவ்வொரு குழாயையும் சுற்றினார், கட்டுப் போடுவதுபோல. கழற்றிய சக்கரத்தை அட்டை கொடுத்து இடது பக்கத்தில் சேர்த்துக் கட்டினார். எங்கே எதோடு எது உரசும் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்து, அங்கெல்லாம் துணி வைத்தார். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். திரும்ப மாட்டவேண்டியவள் அவள்தானே.

நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லோரும் உள்ளே போனார்கள். டப்பா வாசல்படியில் இருந்தது.

நான் முன்கூட்டி யோசித்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கை தயங்கவில்லை. மூடியைத் திறந்து பின்னை மட்டும் எடுத்தேன். நட்டையும் வாஷரையும் விட்டுவிட்டேன், ஆட்டினால் சத்தம் வரவேண்டுமென்று. பதினொரு வயதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன். பின்னைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் ரசம் சாதம் சாப்பிட்டேன்.

மாமா கைகழுவிவிட்டு வந்து டப்பாவைக் காதருகே ஆட்டினார். சத்தம் கேட்டது. சீட்டுக்கடியில் வைத்து மூன்று சுற்று டேப் போட்டார். மேலே சாக்குப்பை, அதன்மேல் பிளாஸ்டிக் பட்டை. தூக்குவதற்குக் கயிற்றில் ஒரு பிடி. சைக்கிள் என்று யாருமே சொல்லமுடியாத மாதிரி ஒரு தட்டைப் பொட்டலம் எங்கள் சுவரில் சாய்ந்து நின்றது.

ஆலைக்குச் சரக்கு ஏற்றும் மினி லாரி ஒன்றில் இடம் பிடித்து எல்லோருமே கோயம்பேடு போனோம். பஸ் ஐந்து மணிக்கு. கண்டக்டர் பொட்டலத்தைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டார்.

"சைக்கிள்லாம் ஏத்த முடியாது. ஓரமா எடு."

"சார், பார்சல் மாதிரி கட்டிக்கிது. ஒரு முழ உயரம்கூட இல்ல" என்றார் மாமா.

"உள்ள பூரா மூட்ட. எது மேல எதப் போடுவேன் நானு? அப்பறம் வளைஞ்சி போச்சின்னு எங்கிட்ட வந்து நிப்பிங்க."

என் பைக்குள் பின் சூடாக இருந்தது. ஏற்றமாட்டேன் என்று அவர் இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போதும், பின்னைத் திரும்ப டப்பாவில் வைத்துவிடலாம், ஒன்றுமே நடக்காததுபோல ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் மாமா விடவில்லை. பஸ்ஸின் வயிற்றுக் கதவுக்குள் தானே தவழ்ந்து போய், பூண்டு மூட்டைகளையும் துணிக் கட்டுகளையும் சரியாக அடுக்கினார். பொட்டலத்தை எல்லாவற்றுக்கும் மேலே, செயின் பக்கம் மேல்நோக்கிப் படுக்கவைத்துக் கம்பியோடு கட்டிவிட்டு வந்தார். சட்டை முழுவதும் எண்ணெய்க் கறை. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கோ" என்றார்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் வயிறு என் பாவாடைப் பையில் அழுந்தியது. சொல்லியிருக்கலாம். பஸ் நகர்ந்து வளைவில் திரும்பும்வரை சொல்லியிருக்கலாம்.

அப்பா திங்கட்கிழமை காலை தனியாகத் திரும்பி வந்தார்.

அங்கே பொட்டலத்தைப் பிரித்தபோது பெயிண்ட்கூட உரசவில்லையாம். டப்பாவில் பின் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கடை எதுவும் திறக்கவில்லை. அக்காவைக் கையோடு அழைத்துவர அப்பா பையைத் தூக்கிவிட்டார். அப்போது விடுதி வாட்ச்மேன் எங்கிருந்தோ ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து அடித்து இறக்கி, "இது தாங்கும் சார்" என்றாராம். அக்கா ஏறி, விடுதி மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினாளாம். கண்ணால் பார்த்துவிட்டதால் அப்பாவுக்கு வேறு வழியில்லை.

அன்று சாயங்காலமே, சைக்கிள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க மாமா வந்தார். பையில் எங்களுக்குப் பக்கோடா பொட்டலம்.

"நட்டு இருக்குது, வாஷர் இருக்குது, பின்னு மட்டும் இல்ல. அது இன்னா மாயம்?" என்றார் அப்பா.

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. "நான்தான போட்டேன். எல்லாரும் பாத்திங்களே."

"போட்டதப் பாத்தோம். அப்பறம் டேப்பு சுத்தனது யாரு? பொண்ணு இங்கயே இருந்தா உனக்கு வசதி. எனக்குத் தெரியாதா?"

மாமாவின் முகம் எப்படி ஆனது என்று நான் பார்க்கவில்லை. கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன்னைப் பற்றிப் பேசவே இல்லை. "இப்ப எதப் போட்டு ஓட்டறா?" என்றுதான் கேட்டார்.

"போல்ட்டு."

"போல்ட்டா? அய்யோ, அது நிக்காது. மிதிக்க மிதிக்க தேஞ்சி, ஒருநாளு படக்குனு வுட்டுரும். இன்னைக்கே போன் போட்டுச் சொல்லுங்க, ஓட்ட வேணாம்னு. நான் வேணா நாளைக்கு லீவு போட்டு பின்னு எடுத்துக்கினு போறேன்."

"நீ அங்க போவறதுக்குத்தான இத்தனையும்?" என்றார் அப்பா. "எம் பொண்ணு இருக்கற பக்கம் தல வெச்சிப் படுக்காத."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா பக்கோடாப் பொட்டலத்தை எடுத்து அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

நான் பின்னை ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் வைத்திருந்தேன். 'படக்குனு வுட்டுரும்' என்ற வார்த்தை செவ்வாயும் புதனும் முழுக்க என் காதில் இருந்தது. வியாழக்கிழமை அம்மாவிடம் போய் நின்றேன். "இன்னாடி?" என்றாள். "பசிக்குது" என்றேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவின் செல்போனுக்கு விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. பாலத்து மேட்டில் அக்கா எழுந்து நின்று மிதித்திருக்கிறாள். போல்ட் அறுந்து, கால் சறுக்கி, நடுரோட்டில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த மணல் லாரி அவள் தலைக்கு ஒரு கை தூரத்தில் நின்றதாம்.

அப்பா அன்றே கிளம்பிப் போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பும்போதும் தனியாகத்தான் வந்தார். கட்டுப்போட்ட கையோடு அக்கா விடுதிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, வரவே மாட்டேன் என்றுவிட்டாள். அங்கிருந்த வார்டன் அம்மாவும் அவள் பக்கம் நின்றாராம். அப்பாவின் ஆத்திரம் எல்லாம் இப்போது ஒரே ஆள்மேல் வந்து நின்றது. அம்மா தெருக் குழாயடியில் எல்லோர் முன்பும் தன் தம்பியிடம், "இனிமே எங்க ஊட்டு வாசப்படி ஏறாத" என்று சொல்லிவிட்டு வந்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. மாமாவின் ஆலை கேட்டில் ஷிப்ட் விடும் சங்கு ஊதும்வரை நின்றேன். ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். மாமா என்னைப் பார்த்ததும், "பாப்பா, இன்னா இங்க? அக்காவுக்கு எதுனா...?" என்று ஓடிவந்தார். நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினேன்.

அவர் பின்னை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நம்பமுடியாமல் சரிவாகத் தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"நீயா?"

தலையாட்டினேன்.

"நான் போல்ட்டு நிக்காதுன்னு சொன்னப்ப நீ ஊட்லதான இருந்த?"

அதற்கும் தலையாட்டினேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சாலையோரத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "வா. இத அப்பா முன்னாடி சொல்லு. ஒரே ஒரு தபா சொல்லு" என்றார். குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. ஒரு பெரிய ஆள் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

வாசலுக்கு வெளியே அவர் நின்றுகொண்டார். நான் உள்ளே போய், அப்பாவின் முன்னால் பின்னை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ரசம் சாதம் சாப்பிட்டதுவரை சொன்னேன்.

அப்பா பின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் சொல்லிக் குடுத்த இவளுக்கு?"

"நானே எடுத்தம்ப்பா. சத்தியமா நான்தாம்ப்பா."

"நீ சும்மா இரு. பின்னு எங்க போச்சின்னு கேட்டோம். இப்ப அதுவே வந்துருச்சி பாரு, அவங்கூடவே. டேய், சின்னப் புள்ள வாயில பொய்ய வெச்சி அனுப்பறியே, நீ மனுசனா?"

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இவ எறும்பக்கூட மிதிக்க மாட்டா. இவளப் போயி..." என்று அவளும் வாசலைப் பார்த்தாள். அவள் பிடியிலிருந்து திமிறினேன். நான்தான், நான்தான் என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்கு மாமாமேல் கோபம்தான் அதிகமானது. எனக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று சொல்லி நெற்றியில் ஈரத்துணி போட்டார்கள்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுப் பொதட்டூர்பேட்டைக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

பொங்கலுக்கு அக்கா வந்தாள். கட்டுப் பிரித்த கை மெலிந்து, வெளிறிப் போயிருந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவளிடம் சொன்னேன். அவள் ஒருத்திதான் கேட்டவுடனே நம்பினாள். ஈரக் கையால் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு வெகுநேரம் சிப்காட் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாகிட்ட நீ சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவாங்க" என்றேன்.

"இப்ப வேணாம்" என்றாள்.

"ஏன்க்கா?"

"மாமா மேல கோவம் இருக்கற வரைக்கும் எங் கல்யாணப் பேச்ச யாரும் எடுக்க மாட்டாங்க. நான் படிச்சி முடிச்சிடறேன். அப்பறமா நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவளுக்கும் அப்போது பதினெட்டு வயதுதான், அதை மறக்கக்கூடாது. ஆனால் படிப்பு முடிந்தபோது வேலை வந்தது, வேலையோடு அங்கேயே கல்யாணமும் வந்தது. கல்யாணப் பத்திரிகை மாமாவுக்குப் போகவில்லை. மாமாவும் அதற்கு முன்பே யாரையோ கட்டிக்கொண்டிருந்தார், எங்களைக் கூப்பிடாமல். பிறகு, இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று ஆயிற்று. அப்பாவின் சாவுக்கு மாமா வந்தார், தெருமுனையில் ஆண்களோடு நின்றார், சுடுகாட்டிலிருந்து அப்படியே பஸ் ஏறிவிட்டார். அன்றுதான், சுடுகாட்டுக்குக் கிளம்பியபோது தெருமுனைவரை அவர் பின்னாலேயே ஓடிப்போய் போன் நம்பர் வாங்கியிருந்தேன். அதன்பிறகு சில தடவை பேசினேன். நலமா, நலம், மழை உண்டா என்பதைத் தாண்டி எங்களுக்குப் பேச்சு போகாது.

அம்மா இப்போது மீஞ்சூரில் என்னோடு இருக்கிறாள். போன கோடையில் அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஒரு மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். ஏதோ பேச்சில் அம்மா மாமாவை இழுத்து, "கூடப் பொறந்தவன்னு பாத்தேன், எம் பொண்ணு கையயே ஒடிச்சான்" என்றாள். நான் வழக்கம்போல, "அம்மா, அது நான்மா" என்றேன். அவளும் வழக்கம்போல, "உனக்கு அவன் மேல பாசம். அதான் இப்பிடிச் சொல்லிக்கினே இருக்கிற" என்றாள்.

அக்கா தலை நிமிரவில்லை. கீரைத்தண்டைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அவதாம்மா எடுத்தா. எனக்கு அந்தப் பொங்கலுக்கே தெரியும். மாமாவ எனக்குக் கட்டி வெச்சிடுவிங்கன்னு பயந்துக்கினு நான் சொல்லல."

அம்மா அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மடியிலிருந்த கீரையை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து கைகழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அவன் நம்பர் யார்ட்டனா இருக்குதா?" என்று கேட்டாள்.

நான் போட்டுக் கொடுத்தேன். நாலைந்து மணி அடித்தபிறகு அந்தப் பக்கம், "சொல்லு பாப்பா" என்றது.

"பாப்பா இல்லடா" என்றாள் அம்மா. "நானு. உங்க அக்கா."

அதற்குமேல் அவளுக்குப் பேச வரவில்லை. அவரும் எதுவும் பேசவில்லை. ஆனால் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.